கூகுள் 15 ஜிபி நிரம்பிவிட்டதா? முதலில் வாட்ஸ்அப் வீடியோவை நிறுத்துங்கள்

ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய், வீடியோக்களைச் சேர்க்கும் பட்டனை அணைத்துவிட்டு உடனே ஒரு பேக்கப் எடுங்கள். பிறகு கூகுள் டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் மூன்றிலும் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள். மாதக் கட்டணத்துக்கு இடம் வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கவும்.

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் முதல் புதிய படங்களும், 2024-இல் இருந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்கில் கழிகின்றன. குடும்பக் குரூப்பில் வரும் காலை வணக்க வீடியோக்கள்கூட உங்கள் இடத்தைத்தான் தின்கின்றன! புதிய பேக்கப் பழையதன் மேலேயே எழுதப்படுவதால் அளவு குறையும். குப்பையில் கிடப்பவையும் கணக்கில் சேரும். டிரைவில் அவை தானாக அழிய 30 நாள் ஆகும். இடம் நிரம்பினால் ஜிமெயிலுக்குக் கடிதமே வராது, வேலை தேடுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பற்றிய இந்த வழி ஐபோனுக்குப் பொருந்தாது. அங்கே வாட்ஸ்அப் பேக்கப், ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பிடமான ஐகிளவுடின் இலவச 5 ஜிபி-க்குள் போகிறது. சாட்டில் மட்டுமே இருக்கும் கல்யாண வீடியோ, குழந்தை வீடியோ உங்களிடம் உண்டென்றால், அவற்றைக் கணினியிலோ பென் டிரைவிலோ நகலெடுத்த பிறகே பட்டனை அணையுங்கள். போன் தொலைந்தால் அவை திரும்பக் கிடைக்காது.