நடக்க முடிகிறது, வலியும் இல்லை: கால் விஷயத்தில் நம்மை ஏமாற்றும் இரண்டு நம்பிக்கைகள்

கால் பிசகியதும் முதலில் கழற்ற வேண்டியது மெட்டி. அப்புறம் கொலுசு. ஐஸ் எங்கே, தைலம் எங்கே என்று வீடே பரபரக்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை. கணுக்காலில் அடிபட்டால் வீக்கம் அங்கேயே நிற்காது. சில மணி நேரத்தில் புறங்காலுக்கும் விரல்களுக்கும் இறங்கிவிடும். பல வருடம் போட்டிருக்கும் மெட்டி விரலில் பள்ளம் பறித்து உட்கார்ந்திருக்கும். வீங்கிய விரலில் அது இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும், கடைசியில் மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். சோப்போ தேங்காய் எண்ணெயோ தடவி, வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். மெட்டியைக் கழற்றலாமா என்று தயங்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், வீக்கம் வடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கால் விஷயத்தில் இரண்டு வார்த்தைகளை நம்பி நாம் ஏமாறுகிறோம். "நடக்க முடியுதே, எலும்பெல்லாம் உடைஞ்சிருக்காது" என்பது ஒன்று. "வலியே இல்லையே, தானா ஆறிடும்" என்பது இன்னொன்று. முதலாவது சில மாத அவஸ்தையில் முடியும். இரண்டாவது காலையே பறித்துவிடும்.

பிசகிய கால்

படியில் தவறி வைத்தோ, பஸ்ஸிலிருந்து இறங்கும்போதோ பாதம் உள்பக்கமாக மடங்குவதுதான் பெரும்பாலும் நடப்பது. அப்போது கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார் இழுபடும், அல்லது கிழியும். ஊரில் சவ்வு விலகிவிட்டது என்போம். அதே மடங்கலில் எலும்பும் விரியலாம். விரிசல் விட்ட காலோடு நொண்டி நடந்து வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் எப்போது எக்ஸ்ரே எடுப்பது? கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-ல் இதற்கு ஒரு விதிமுறையை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பின் நுனியிலோ, அதன் பின்விளிம்பில் மேலே 6 செ.மீ. வரையிலோ விரலால் அழுத்தினால் எலும்பே வலிக்கிறதா என்று பாருங்கள். சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டு போனால் பாதத்தின் வெளிவிளிம்பில், பாதி தூரத்தில் ஓர் எலும்பு தட்டுப்படும். அங்கேயும், பாதத்தின் உள்பக்கம் வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பிலும் அழுத்திப் பாருங்கள். இந்த இடங்களில் எங்கே வலித்தாலும் எக்ஸ்ரே தேவை. அடிபட்டவுடனும் சரி, மருத்துவரிடம் போனபோதும் சரி, நொண்டியாவது 4 எட்டு வைக்க முடியவில்லை என்றாலும் தேவை. நடக்க முடிவது இந்தக் கணக்கில் ஒரு பகுதிதான் என்பதைக் கவனியுங்கள். நடந்தாலும் எலும்பில் வலி இருந்தால் படம் எடுத்தே ஆக வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நீளும் பகுதி இன்னும் மென்மையாக இருக்கும். அதில் பட்ட அடி சுளுக்கு மாதிரியே தெரியும். எனவே பிள்ளைகளின் கணுக்கால் வீங்கினால் வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்த தவறு உருவி விடுவது. சுளுக்கு எடுப்பவரிடம் போய், சுடச்சுட எண்ணெய் தேய்த்து, சொடக்கு விழும்வரை இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கிழிந்த இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் 2, 3 நாட்களில் தேய்ப்பதும் ஒத்தடமாகச் சூடு வைப்பதும் கசிவைக் கூட்டும். எலும்பு விரிந்திருந்தால் அது விலகிவிடவும் கூடும். அந்த நாட்களில் வேண்டியது குளிர்ச்சி. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், சில மணி நேரம் விட்டு மறுபடி வையுங்கள். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் கருகும். படுக்கும்போது தலையணை மேல் காலை உயர்த்தி வைத்து, கிரேப் பேண்டேஜை விரல் நுனியிலிருந்து இல்லாமல் விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நகங்கள் வெளியே தெரிய வேண்டும்.

ஏனென்றால் கட்டின் ஆபத்து விரல்களில்தான் முதலில் தெரியும். நாட்டு வைத்தியரின் மூங்கில் பத்தையாக இருந்தாலும் ஆஸ்பத்திரி மாவுக்கட்டாக இருந்தாலும், விரல்கள் நீலமாகின்றன, சில்லிடுகின்றன, மரத்துப்போகின்றன, மருந்துக்கும் அடங்காத வலி கூடிக்கொண்டே போகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் கட்டை அவிழ்க்க வேண்டும். சில மணி நேரத் தாமதம் தசையைச் சாகடித்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வெறும் சுளுக்குத்தான் என்று தெரிந்த பிறகும் ஒரு மாதம் காலைக் கீழே வைக்காமல் இருப்பது. வலி பொறுக்கும் அளவுக்குச் சில நாட்களிலேயே அசைக்கத் தொடங்க வேண்டும். பெருவிரலைப் பேனாவாக நினைத்துக்கொண்டு காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். கணுக்கால் எல்லாப் பக்கமும் அசைந்துவிடும். வலி போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு காலில் நிற்கப் பழகுங்கள். "எனக்கு இந்தக் கால்தான் அடிக்கடி பெரளும்" என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பயிற்சியைச் செய்யாமல் விட்டவர்கள். கிழிந்த நார் ஆறினாலும், கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று உணரும் திறன் தானாக முழுசாகத் திரும்புவதில்லை.

ஓர் அடியை மட்டும் சுளுக்கோடு சேர்த்துவிடாதீர்கள். ஷட்டில் ஆடும்போதோ ஓடும்போதோ பின்னாலிருந்து யாரோ குதிகாலுக்கு மேலே உதைத்ததுபோல் ஒரு வெட்டு, "டப்" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நார் அறுந்திருக்கலாம். பாதத்தை அசைக்க முடியும், நடக்கவும் முடியும், அதனாலேயே தவறவிடுகிறார்கள். குப்புறப் படுத்துக்கொண்டு கெண்டைச் சதையை இன்னொருவரைப் பிசையச் சொன்னால் நுனிக்காலில் நிற்கும்போது நீள்வதுபோல் பாதம் தானாக அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

காலையில் குத்தும் குதிகால்

படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் முள் குத்துவது போல் வலி, பத்து எட்டு நடந்தால் குறைந்துவிடும். உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த சவ்வு நைந்துபோவதால் வருவது இது. எக்ஸ்ரே எடுத்தால் குதிகாலில் முள் மாதிரி எலும்பு வளர்ந்திருப்பது தெரியலாம். அதைப் பார்த்துப் பயந்து, அந்த முள்ளை வெட்டி எடுக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த வளர்ச்சி இருக்கிறது.

இது ஆற நேரம் எடுக்கும். மாதக்கணக்கில் ஆகலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அறுவை இல்லாமலே சரியாகிவிடும். காலை எழுந்ததும் தரையில் கால் வைக்கும் முன், விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி மெல்ல இழுங்கள், கெண்டைக்காலையும் நீட்டிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து உள்ளங்காலால் உருட்டுங்கள். வீட்டுக்குள் வெறுங்காலோடு டைல்ஸில் நடப்பதை நிறுத்தி மெத்தென்ற செருப்பு போடுங்கள். பொறுமை இழந்து அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதில் இரண்டு கெடுதல்கள்: சவ்வு அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையலாம்.

நம் வீடுகளில் செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்க இலை வைத்து, அதன்மேல் குதிகாலை வைத்து எடுப்பார்கள். இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோய் இருப்பவர் இதைச் செய்யவே கூடாது. சூடு எவ்வளவு என்று சொல்ல வேண்டிய நரம்பு அவருக்கு வேலை செய்யாமல் இருக்கலாம். இதம் என்று நினைத்து வைத்திருப்பார், தோல் வெந்துகொண்டிருக்கும்.

வலிக்காத கால்

என் அப்பாவுக்கு ரொம்ப வருடமாகச் சர்க்கரை. ஒரு நாள் சாயங்காலம் வாசலிலிருந்து ஹால் வரை சிறு சிறு ரத்தத் தடம் கிடந்ததை அம்மாதான் பார்த்தார். செருப்பைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணியோடு அப்பா கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் பயம் புரிந்தது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-ல் சொன்னது. நாள்பட்ட சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மெல்ல மழுங்கடிக்கும். செருப்பு காலிலிருந்து நழுவிப் போனது தெரியாமல் நடந்துபோகிறீர்களா? பஞ்சின் மேல் நடப்பது போல் இருக்கிறதா? இரவில் உள்ளங்கால் எரிகிறதா? இவை எல்லாமே அறிகுறிகள். எதுவும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. சர்க்கரை மாத்திரை வாங்கத் தவறாமல் போகும் எத்தனையோ பேர் ஒரு தடவைகூட மருத்துவர் முன் செருப்பைக் கழற்றியதில்லை.

உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடப்பது, வீட்டுக்குள்ளும் சரி, ஆபத்துதான். இதைச் சொன்னால் கோயிலுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சித்திரை வெயிலில் நடுப்பகலில் பிரகாரக் கல் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். உணர்வுள்ளவர் துள்ளி ஓடுவார், இவர் நிதானமாகச் சுற்றுவார். மறுநாள் கொப்புளம். விடிகாலையிலோ இருட்டிய பிறகோ போங்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கி.மீ. பழனி பாதயாத்திரை நாள்கணக்கில் நடப்பது. மரத்துப்போன பாதத்தோடு வெறுங்காலில் அவ்வளவு தூரம் நடப்பதைக் கடவுள் கேட்கமாட்டார் என்றே நான் நம்புகிறேன்.

தினமும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் மெத்தென்ற அடிப்பாகம் கொண்டது கிடைக்கும்; பின்பட்டை இருப்பதாக வாங்குங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கும் அமிலம் இருக்கிறது. உணர்வில்லாத காலில் அது நல்ல தோலையும் சேர்த்துக் கரைக்கும். புண்ணில் மஞ்சளோ சுண்ணாம்போ காபித்தூளோ வைத்து மூடினால் உள்ளே சீழ் பிடிப்பது வெளியே தெரியாது. சர்க்கரை உள்ளவரின் பாதத்தில் புண் என்றால், எவ்வளவு சின்னதானாலும், அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாற்றம், சீழ், கறுப்பு, சுற்றிலும் பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மணி நேரமே கிளம்ப வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. சர்க்கரை உள்ளவரின் ஒரு பாதம் மட்டும் திடீரென வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருக்கும். புண் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துவிட்டு நடமாடுவார்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். ஷார்கோ பாதம் என்று அதற்குப் பெயர். நடக்க நடக்கப் பாதத்தின் வளைவே சரிந்து உருக்குலையும். காலைத் தரையில் ஊன்றாமல் மருத்துவமனைக்குப் போவதுதான் முதல் சிகிச்சை. மேலே சொன்ன ஒட்டாவா கணக்கை இவர்களுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். அது வலியை நம்பிப் போட்ட கணக்கு.

மற்றவை, சுருக்கமாக

சேற்றுப்புண்ணுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ட்யூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை அடங்காது. விரலிடுக்கைத் துடைத்து ஈரமில்லாமல் வைப்பதுதான் பாதி வைத்தியம். பித்தவெடிப்புக்கும் பித்தத்துக்கும் சம்பந்தமில்லை. வறண்ட தோல் பாரம் தாங்காமல் பிளக்கிறது. இரவில் வாசலின் தடவி சாக்ஸ் போட்டுப் படுங்கள். நகத்தை ஓரத்தில் வளைத்து ஆழமாக வெட்டினால் அது சதைக்குள் வளரும், நேராக வெட்டுங்கள்.

ராத்திரியில் பெருவிரல் மூட்டு திடீரென வீங்கி, போர்வை பட்டாலும் உயிர் போகிறது என்றால் யூரிக் அமில வாதமாக இருக்கலாம். அந்த நேரத்து ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாகவே காட்டும் சமயங்களும் உண்டு, அதை வைத்து "இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். கூடவே காய்ச்சல் இருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம், காத்திருக்கக் கூடாது.

வீக்கம் இரண்டு காலிலும் என்றால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் பக்கம் பார்க்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையாலும் வரும், அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு காலில் மட்டும், கெண்டைக்கால் வலியோடு, அதுவும் நீண்ட பயணத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ பிறகு வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்த்துவிடவே கூடாது. மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறது என்று பீடி, சிகரெட் பிடிப்பவர் சொன்னால் வயசு என்று ஒதுக்காதீர்கள், ரத்தக்குழாய் அடைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது விசேஷத்துக்கு வைத்திருக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். தினமும் போடும் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். அதன் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த விரலுக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். பல கிளினிக்குகளில் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். ஒரு பையில் போட்டு உள்ளே எடுத்துப் போங்கள்.