திரை தானாக ஓடினால், எழுத்து தானாகப் பெருத்தால்

முதலில் மவுஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஓட்டம் நின்றால் கோளாறு மவுஸில்தான், கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு இறங்க வேண்டாம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்து நிற்கும், அந்த ஈரத்தோடு தூசும் சேர்ந்து மவுஸ் சக்கரத்துக்குள் படிந்தால் நாம் தொடாமலே அது உருள்வதாகக் கொம்பியூட்டர் நினைத்துக்கொள்ளும். இடுக்கை நன்றாக ஊதி, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

திரையில் சின்ன வட்டக்குறி நிற்கிறதா? சக்கரம் அழுந்தியிருக்கிறது, எஸ்கேப் தட்டினால் போய்விடும்.

எழுத்து பெருத்துச் சிறுத்தால் கன்ட்ரோல் விசை சிக்கியிருக்கலாம். இடம், வலம் இரண்டையும் நாலைந்து தடவை அழுத்திவிடுங்கள், அப்புறம் கன்ட்ரோலோடு பூச்சியத்தை அழுத்தினால் பிரவுசரில் பழைய அளவு வரும்.

மவுஸ் இல்லாமலும் ஓடுகிறதென்றால், லப்டொப்பில் டச்பேட்டை அணைத்துப் பாருங்கள். ஈரக்கை பட்டாலே அது தடுமாறும்.