பதிவால் வேலைக்கு ஆபத்தா? எச்.ஆர். அழைப்பு முதல் லேபர் ஆபீஸ் வரை

வெள்ளிக்கிழமை இரவு ஒரு சாதியையோ மதத்தையோ பெண்ணையோ இழிவாகப் பேசி ஃபேஸ்புக்கில் நாலு வரி. சனிக்கிழமை காலை யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தையும் பக்கத்தில் ஒட்டி, கம்பெனியை டேக் செய்து எக்ஸ் தளத்தில் போட்டுவிடுகிறார். திங்கள் பதினோரு மணிக்கு எச்.ஆரிடமிருந்து மீட்டிங் இன்வைட். தலைப்பில் ‘டிஸ்கஷன்’ என்று மட்டும் இருக்கும். பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. அந்தப் பதிவால் வந்த சேதத்தை இரட்டிப்பாக்குவது, இடையில் இருக்கும் அந்தச் சனி ஞாயிறில் பதறிப்போய்ச் செய்யும் காரியங்கள்.

கீழே உள்ளது தமிழ்நாட்டில் தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கானது. அரசு ஊழியருக்கும் வளைகுடாவில் இருப்பவருக்கும் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

அழிப்பதற்கு முன் பிரதி எடுங்கள்

கை முதலில் போவது டெலீட் பட்டனுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். பதிவைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து, மேலே உள்ள முகவரி, தேதி, நேரம், கமெண்ட்கள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஃபேஸ்புக் செட்டிங்கில் உங்கள் தகவல்களை டவுன்லோட் செய்யும் வசதி இருக்கிறது. ஃபைல் வந்து சேரச் சில மணி நேரம்கூட ஆகலாம், எனவே அதை முதலிலேயே கேட்டுவைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப் என்றால் ‘எக்ஸ்போர்ட் சாட்’. குரூப்பின் பெயரும் உறுப்பினர் எண்ணிக்கையும் தெரியும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். நாளைக்கு ‘இது பொதுவெளியா, பத்துப் பேர் பேசிக்கொண்ட இடமா’ என்ற கேள்வி வரும்போது அந்த எண்ணிக்கைதான் பேசும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? புகார் கொடுத்தவர் கையில் இருப்பது தலையும் வாலும் வெட்டப்பட்ட படம். நீங்கள் யாருக்குப் பதிலாக எழுதினீர்கள், பின்னால் திருத்தினீர்களா என்பது மூலப் பதிவில்தான் இருக்கும்.

பிரதி கைக்கு வந்ததும் பதிவைப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். இழிவான வாசகத்தை ‘கொள்கைக்காக’ விட்டுவைப்பதில் ஒரு லாபமும் இல்லை. மணிக்கு மணி ஸ்கிரீன்ஷாட் பெருகும். ஃபேஸ்புக்கில் ‘ஒன்லி மீ’ என்று மாற்றினால் மற்றவருக்குத் தெரியாது, மூலம் உங்களிடம் இருக்கும். எக்ஸ் தளத்தில் அந்த வசதி இல்லை, நீக்கத்தான் வேண்டும். ஒரு விதிவிலக்கு: போலீசில் புகார் போய்விட்டது என்று தெரிந்தால் வக்கீலைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். ஆதாரத்தை அழித்ததாகத் தனியாக ஒரு குற்றச்சாட்டு சேர்ந்துகொள்ளும்.

அக்கவுண்டையே மூடிவிட்டு ஓடுவது வேண்டாம். அதைவிட மோசம், ‘அக்கவுண்ட் ஹேக் ஆகிவிட்டது’ என்பது. அதிகம் பேர் சொல்லும் சாக்கு இதுதான், எச்.ஆர். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். அடுத்து உங்கள் லாகின் விவரத்தைக் கேட்பார், சைபர் கிரைம் புகாரின் நகலைக் கேட்பார். பொய் அம்பலமானால், கண்டிப்போடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் நம்பிக்கை இழப்பு என்ற குற்றச்சாட்டாக மாறும். உண்மையிலேயே ஹேக் ஆகியிருந்தால் அன்றைக்கே cybercrime.gov.in தளத்தில் புகார் செய்து, புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி ஆபீஸ் லேப்டாப். அப்பாயின்ட்மென்ட் லெட்டர், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, பாலிசி நகல் இவை உங்களுக்கு வேண்டும். ஆனால் அவசரத்தில் மொத்த மெயில்பாக்ஸையும் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்தால், அதில் கிளையன்ட் ஃபைல் ஒன்று இருந்தாலும் போதும். பதிவை விட்டுவிட்டுத் தகவல் திருட்டு என்று அதற்கே தனியாகக் கம்பெனியிடமிருந்து சார்ஜ் ஷீட் (குற்றச்சாட்டுக் கடிதம்) வரும். உங்கள் பெயரில் உள்ள ஆவணங்களை மட்டும் எடுங்கள்.

மன்னிப்பை எழுதும் விதம்

‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்பதை யாரும் மன்னிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ‘இருந்தால்’ என்ற சொல்லைத்தான் அடுத்த ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். இப்படி எழுதலாம்:

“வெள்ளிக்கிழமை நான் போட்ட பதிவில் இன்ன சமூகத்தினரை இழிவாக எழுதியிருந்தேன். அப்படி எழுதியது தவறு. பதிவை நீக்கிவிட்டேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

அவ்வளவுதான். கம்பெனி பெயர், வேலைப்பளு, ‘எனக்கும் அந்தச் சமூகத்தில் நண்பர்கள் உண்டு’ எதுவும் வேண்டாம். கமெண்ட்டில் ஒருவருக்கும் பதில் சொல்லாதீர்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் பற்றிய பதிவு என்றால் மன்னிப்பைப் போடுவதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்ஜாமீனுக்குத் தடை போடுகிறது. அங்கே வேலையைப் பற்றிய கவலை இரண்டாவதுதான்.

அந்த அறையில்

எச்.ஆர்., மேனேஜர், சில சமயம் லீகலில் ஒருவர். மேஜையில் டைப் செய்த தாள் தயாராக இருக்கும். “இப்பவே ரிசைன் பண்ணிட்டா உங்க கேரியருக்கு நல்லது, டெர்மினேஷன்னு ரெக்கார்டுல வராது” என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல மாட்டார்கள்: ராஜினாமா செய்தவருக்கு லேபர் ஆபீஸில் கதவு ஏறக்குறைய மூடிவிடும், ‘நீங்களாகத்தானே போனீர்கள்’ என்ற ஒரே கேள்வியில்.

“யோசித்து நாளைக்கு மெயிலில் பதில் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வெளியே வந்த கையோடு, யார் யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை மணி என்று எச்.ஆருக்கே ஒரு மெயில் போடுங்கள். மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால், ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வருவதற்கு முன் அன்றே வாபஸ் பெறும் மெயில் போக வேண்டும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ராஜினாமாவே புத்திசாலித்தனமாக இருக்கும் நேரமும் உண்டு. பதிவு படுமோசம், மறுக்க வழியில்லை, சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது என்றால் பேரம் பேசுங்கள்: நோட்டீஸ் காலச் சம்பளம், ரிலீவிங் லெட்டர், வெரிஃபிகேஷனுக்கு யாராவது கேட்டால் ‘ரிசைன்ட்’ என்று மட்டும் பதில். மூன்றும் மெயிலில் வந்த பிறகே கையெழுத்து. வாய்ச்சொல் அந்த எச்.ஆர். வேறு கம்பெனிக்குப் போகும்வரைதான்.

ஷோகாஸ் நோட்டீஸுக்குப் பதில்

‘உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்று விளக்கம் கேட்கும் இந்தக் கடிதத்தில் 48 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஏழு நாள் அவகாசம் கேளுங்கள். அதே கடிதத்தில் புகாரின் நகல், அவர்கள் நம்பும் ஸ்கிரீன்ஷாட்கள், மீறியதாகச் சொல்லும் பாலிசியின் குறிப்பிட்ட பிரிவு ஆகியவற்றையும் கேளுங்கள். பாலிசி எந்தத் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது, நீங்கள் அதை ஏற்றதற்கு என்ன பதிவு என்பதும் வேண்டும். பல பேர் சேர்ந்த முதல் நாளே படிக்காமல் ‘அக்செப்ட்’ அழுத்தியிருப்பார்கள், அதையும் எதிர்பாருங்கள்.

பதிலில் கருத்துச் சுதந்திரத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் நிறைய. அதைத் தரும் அரசமைப்பின் 19(1)(அ) முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. தனியார் முதலாளியிடம் அதைக் காட்டிப் பயனில்லை. 2015இல் உச்ச நீதிமன்றம் இணையத்தில் புண்படுத்தும் பதிவைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்ததும் கிரிமினல் வழக்கு சம்பந்தப்பட்டது. வேலை ஒழுங்கு வேறு சங்கதி.

எடுபடுவது வேறு. உங்கள் பதிவுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு? புரொஃபைலில் கம்பெனி பெயர் இருந்ததா, சக ஊழியரையோ வாடிக்கையாளரையோ குறிவைத்ததா, வேலை நேரத்தில் போட்டதா? நிறுவனத்துக்கு வெளியே நடந்ததையெல்லாம் இழுத்துவந்து ஒழுங்கீனம் என்று சொல்லிவிட முடியாது என்பதை கிளாக்ஸோ மருந்து நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983இலேயே நிலையாணையை (நிறுவனத்தின் பணி விதிகளை) வைத்துப் பேசியிருக்கிறது. தனிப்பட்ட வாட்ஸ்அப் குரூப்பில் நிர்வாகத்தைக் கிண்டலடித்த ஒரு கிராம வங்கி ஊழியர் மீதான சார்ஜ் மெமோவை, ஊழியருக்குப் புலம்பும் உரிமை உண்டு என்று சொல்லி 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. கவனியுங்கள், அது மேலதிகாரிகளைப் பற்றிய பொருமல். ஒரு சமூகத்தை வசைபாடிய பதிவுக்கு அந்தத் தீர்ப்பைக் குடையாகப் பிடிக்க முடியாது.

நடந்ததை மறுக்க முடியாவிட்டால் தண்டனையின் அளவைப் பற்றிப் பேசுங்கள். “பதிவு என்னுடையதுதான். சொந்த அக்கவுண்டில், வேலை நேரத்துக்கு வெளியே எழுதினேன். கம்பெனி பெயர் அதில் இல்லை. 14 மணி நேரத்தில் நீக்கி மன்னிப்புக் கேட்டேன். ஆறு ஆண்டுப் பணியில் வேறு மெமோ இல்லை. வேலைநீக்கத்தைவிடக் குறைந்த தண்டனையைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.” இப்படி, சரிபார்க்கக்கூடிய தகவலாக. ஒரு தகவலுக்கு ஒரு வாக்கியம் போதும்.

சஸ்பெண்ட் செய்தால் பணம்

விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷன் என்றால் சம்பளமே கிடையாது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டம் 1981இல் வந்தது. அதன்படி முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், 180 நாள் வரை 75, அதற்கு மேல் முழுச் சம்பளம். மாதம் 30,000 வாங்குபவர் 120 நாள் சஸ்பென்ஷனில் இருந்தால் 45,000, அதோடு நாலாவது மாதத்துக்கு 22,500, ஆக 67,500 ரூபாய் வர வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

உள்விசாரணையில் கோர்ட் அளவுக்குக் கறாரான சாட்சியம் தேவையில்லை, ‘நடந்திருக்க வாய்ப்பு அதிகம்’ என்றால் போதும். ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், விசாரணை அறிக்கையின் நகலைப் பெற்று அதற்குப் பதில் எழுதவும் உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். தினமும் நடந்ததை எழுதியிருக்கும் தாளில் கையெழுத்துப் போடும் முன் வரிவரியாகப் படியுங்கள். நீங்கள் சொல்லாதது இருந்தால் ‘ஆட்சேபத்துடன்’ என்று கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்திடுங்கள்.

வேலைநீக்க உத்தரவு வந்த பிறகு

உத்தரவு கைக்கு வந்த தேதியைக் கவரிலேயே குறித்துவையுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் வேண்டாம், ஆனால் அதை விசாரணை நடத்தி நிரூபித்திருக்க வேண்டும். விசாரணையே இல்லாமல் ஒரு மெயிலில் அனுப்பிவிட்ட கம்பெனிகள் மாட்டுவது இங்கேதான். லேபர் ஆபீஸில் மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. ‘கொஞ்சம் ஆறட்டும்’ என்று இரண்டு மாதம் விட்டவர்கள் இந்த வழியை இழக்கிறார்கள்.

சட்டத்தின் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவர் லேபர் ஆபீஸின் சமரச அதிகாரியிடமும் போகலாம். 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் இதற்கான காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. ‘ஐடியில் இருப்பவனுக்கு லேபர் சட்டம் கிடையாது’ என்பது கேன்டீன் பேச்சு. உங்கள் பதவியின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், நீங்கள் செய்யும் வேலைதான் கணக்கு.

அதே நாளில் அமலான ஊதியத் தொகுப்பின்படி, வேலையை விட்டுப் போனாலும் நீக்கினாலும் சேர வேண்டிய சம்பளம் இரண்டு வேலைநாளில் வர வேண்டும். பிஎஃப் பணத்தில் கம்பெனி கை வைக்க முடியாது. அவர்கள் எக்ஸிட் தேதி (வேலையை விட்ட தேதி) போடாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே பிஎஃப் தளத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அரசு ஊழியர், வளைகுடா

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொந்த அக்கவுண்டிலும் கூடவே வரும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி சிறு தண்டனைக்கு 17(ஏ), பெரிய தண்டனைக்கு 17(பி) மெமோ. மெமோவில் எந்தப் பிரிவு என்பதை முதலில் பாருங்கள், பதிலின் கனம் அதைப் பொறுத்தது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் சஸ்பென்ஷன் தானாகவே வந்துவிடும். மறுபக்கம், விசாரணை இல்லாமல் நீக்க முடியாது என்ற அரசமைப்பின் 311ஆம் பிரிவின் பாதுகாப்பும், கருத்துச் சுதந்திரத்தைச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகும் வழியும் இவர்களுக்கு உண்டு.

ஐக்கிய அரபு அமீரகத்தில் கணக்கே வேறு. 2020 ஏப்ரல், மே மாதங்களில் மதவெறுப்புப் பதிவு போட்ட இந்தியர்கள் பலர் அங்கே வேலை இழந்தார்கள். இந்தியத் தூதரே எச்சரிக்கை விடுக்க வேண்டி வந்தது. அங்கே மதத்தைப் பழிப்பது கிரிமினல் குற்றம், வேலையும் விசாவும் ஒரே முடிச்சு. படிக்கத் தெரியாத அரபித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் டிக்கெட் போட்டால் ஏர்போர்ட்டில் நிறுத்தப்படலாம். ‘தமிழில்தானே எழுதினேன்’ என்பதும் செல்லாது; மொழிபெயர்த்துக் கொடுப்பவரும் பெரும்பாலும் தமிழர்தான்.

அடுத்த வேலைக்கு

பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் முந்தைய கம்பெனியைக் கேட்பார்கள். படிவத்தில் ‘ரிசைன்ட்’ என்று பொய் எழுதி, சேர்ந்த இரண்டாம் மாதம் வெளியே வந்தால் அது இரண்டாவது வேலைநீக்கம். இன்டர்வியூவில் கேட்டால் மூன்று வாக்கியம்: என்ன எழுதினேன், அது ஏன் தவறு, அதன் பிறகு என்ன செய்தேன். முந்தைய கம்பெனியைத் திட்ட வேண்டாம்.

உங்கள் பெயரையும் ஊரையும் இன்காக்னிட்டோவில் போட்டுத் தேடிப் பாருங்கள். நீக்கிய பதிவு இன்னும் கூகுள் முடிவுகளில் எட்டிப் பார்த்தால், காலாவதியான பக்கத்தை அகற்றக் கூகுளிலேயே விண்ணப்பம் இருக்கிறது. அடுத்தவர் போட்ட ஸ்கிரீன்ஷாட்டுக்கு அது உதவாது. ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகளையெல்லாம் ஒரே தட்டில் ‘ஃபிரெண்ட்ஸ்’ என்று மாற்றும் வசதியையும் இப்போதே பயன்படுத்துங்கள். புதுக் கம்பெனியில் யாராவது 2014 வரை உருட்டிப் பார்ப்பார்கள்.