குபித்தான் சாவி மட்கலங்கள்: பார்த்து வாங்கவும் பக்குவமாகக் கழுவவும்

பின்லாந்தின் துர்க்கு நகரில் 1712-இல் செங்கல் சூளையாகத் தொடங்கி, 1969-இல் மூடப்பட்ட நிறுவனம் குபித்தான் சாவி. அதன் ஜாடி, தட்டு கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். நிறுவன முத்திரையோடு, பலவற்றில் வரைந்தவரின் கையெழுத்தும் இருக்கும். அங்கே பணியாற்றிய மட்கலக் கலைஞர் லைனே தைட்டோவின் பெயர் இருந்தால் கூடுதல் மகிழ்ச்சி. கையால் தீட்டிய கோடு ஒரே தடிப்பில் ஓடாது: தூரிகை பதிந்த இடத்தில் வண்ணம் கனத்து, இழுத்த முனையில் மெலியும். அதுதான் இதன் அழகு.

விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள், கரகரத்தால் விரிசல்.

வெதுவெதுப்பான நீர், இரண்டு துளி பாத்திர சோப்பு, மென்துணி போதும். ஊறவைக்கவே கூடாது. பூச்சில்லாத அடிவிளிம்பும் மயிரிழை விரிசல்களும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். ப்ளீச் இன்னும் மோசம்: உள்ளே தங்கும் உப்பு, காயும்போது படிகமாகி, மேற்பூச்சைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். கழுவியதும் கவிழ்த்து, காற்றோட்டத்தில் இரண்டு நாள் உலரவிடுங்கள்.