வேலூரிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்: கண்டிக்குப் போய் வருவது எப்படி?

முதல் முறை வெளிநாடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விசா வேண்டுமா? பணத்தை எங்கே மாற்றுவது? சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? அங்கே எதைச் செய்தால் வம்பு வரும்? பொதுவாகப் பதில் சொல்லிக்கொண்டு போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் இலங்கையின் கண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். சிங்கப்பூர், துபாய் என்று வேறு திசையில் போகிறவர்களுக்கு எது மாறும் என்பதை இடையிடையே சேர்த்திருக்கிறேன்.

கண்டி ஏன்? நம் கோட்டைக்குள் கண்டி மகால் இருக்கிறது. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1815இல் பிடித்து, அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து சிறை வைத்தார்கள். 1832 ஜனவரி 30 அன்று அவர் இங்கேயே இறந்தார். அவருடைய சமாதிதான் முத்து மண்டபம். கண்டி நகரின் நடுவில் இருக்கும் ஏரி அவர் உருவாக்கியது. முத்து மண்டபத்தைப் பார்த்துவிட்டு அந்த ஏரிக்கரையில் போய் நின்றால் ஊர் வேறு மாதிரி தெரியும். இதோடு சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, நேரமும் நம் நேரமேதான், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பழகிப் பார்க்க இதைவிட எளிய நாடு கிடைக்காது.

படி 1: பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். நம் பக்கத்துக்காரர்களுக்கு உண்மையான தலைவலி இன்ஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் 'ஆர். கவிதா', ஆதாரில் 'கவிதா ஆர்', பான் அட்டையில் 'கவிதா ராமலிங்கம்' என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் இன்ஷியலை வெறும் எழுத்தாகப் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். படிவத்தில் 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டங்கள் வரும். முதலாவதில் உங்கள் பெயர், இரண்டாவதில் அப்பா பெயர் என்று நிரப்புவதே நல்லது என்பது என் கருத்து. இரண்டாவதைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் வரும். ஆனால் ஒற்றைப் பெயர் பின்னால் தொல்லை கொடுக்கும். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தர மறுக்கிறது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது.

ஆதாரில் பெயரைத் திருத்த வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள்.

படி 2: பாஸ்போர்ட்

பாஸ்போர்ட் சேவா தளத்தில் கணக்குத் தொடங்கி, படிவம் நிரப்பி, பணம் கட்டி, நாள் குறித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2000. வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. அசல் ஆவணங்களையும் நகல்களையும் கையோடு கொண்டுபோங்கள். பிறகு போலீஸ் விசாரணை. நீங்கள் குடியிருக்கும் முகவரியும் படிவத்தில் எழுதிய முகவரியும் ஒன்றாக இருந்தால் அதில் சிக்கல் வராது.

அம்மாவையோ பாட்டியையோ அழைத்துப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "பத்தாவது படிக்காதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று வருமாமே, போக விடுவார்களா?" விடுவார்கள். ஈசிஆர் என்றால் கிளம்பும் முன் அரசு அனுமதி வாங்க வேண்டும் என்ற குறிப்பு. அந்தக் கட்டுப்பாடு குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். சுற்றுலாவுக்கு இல்லை.

கையில் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் காலாவதி தேதியைப் பாருங்கள். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடி மீதம் இருக்க வேண்டும் என்று கேட்கும்.

படி 3: விசா

இலங்கைக்கு 'ஈடிஏ' என்ற மின் அனுமதி போதும். இணையத்தில் வீட்டிலிருந்தே வாங்கலாம். கட்டணமும் விதியும் அவ்வப்போது மாறுவதால் பழைய வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், போலித் தளங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விளம்பரம்தான். முகவரி 'ஜிஓவி புள்ளி எல்கே' என்று முடிந்தால்தான் அது இலங்கை அரசின் தளம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றிலும் இறங்குவதற்கு முன் ஒரு வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், மூன்றுமே இலவசம். பணம் கேட்டால் நீங்கள் தவறான தளத்தில் இருக்கிறீர்கள்.

பாஸ்போர்ட் இல்லாமலே போக முடிகிற நாடு உண்டா? நேபாளமும் பூட்டானும் உண்டு. வாக்காளர் அட்டை போதும்.

படி 4: டிக்கெட், அதிலும் முக்கியமாகத் தேதி

வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும். டிக்கெட்டில் '15ஆம் தேதி 00.40' என்று இருந்தால், 14ஆம் தேதி மதியம் சாப்பிட்டவுடனே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று பொருள். 15ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். டிக்கெட் எடுத்ததும் வீட்டு நாள்காட்டியில் கிளம்பும் நாளை எழுதி வைத்துவிடுங்கள்.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருப்பது நல்லது. காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவின் நீல வழித்தடம் நேராகப் போகிறது. ஆனால் மெட்ரோ இரவு முழுக்க ஓடாது. பின்னிரவு விமானம் என்றால் மாலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள், அல்லது வேலூரிலிருந்தே கார் பேசிக்கொள்ளுங்கள். கொழும்புக்குப் பறக்கும் நேரத்தைவிட மீனம்பாக்கம் போய்ச் சேரும் நேரம்தான் அதிகம்!

படி 5: மூட்டை கட்டுவது

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. ஊறுகாய், எண்ணெய், தேங்காய்ச் சட்னி எல்லாம் பெரிய பெட்டியில். கைப்பையில் திரவம் ஒரு பாட்டிலுக்கு 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். கொப்பரை வேண்டாம், எண்ணெய்ப் பசையால் தானாகவே தீப்பிடிக்கும் என்று அதைத் தடை செய்திருக்கிறார்கள்.

கசகசாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குருமாவுக்கு அரைத்துப் போடும் அதே கசகசாதான். துபாயிலும் சவூதியிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். சிங்கப்பூரும் அனுமதிப்பதில்லை. மகனுக்கோ மருமகளுக்கோ மசாலா கட்டிக் கொடுக்கும்போது அதில் கசகசா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளுக்கு அமீரகத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் போகிறவர்கள் மூன்று பட்டை முள் உள்ள அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இலங்கையிலும் அது உதவும், ஏனென்றால் அங்கே நம் மாதிரியும் அந்த மாதிரியும் கலந்தே இருக்கும்.

படி 6: பணமும் போனும்

கொழும்பு விமான நிலையத்திலேயே வங்கிகளின் மாற்று முகப்புகள் உண்டு. நம் ஒரு ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் கிடைக்கும். அதனால் ஒரு டீ விலையைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யுபிஐ அங்கே சில கடைகளில் வேலை செய்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே செயலியில் பன்னாட்டுப் பயன்பாட்டை இயக்கி வையுங்கள். இருந்தாலும் கையில் நோட்டு இல்லாமல் போகாதீர்கள். உள்ளூர் சிம் விமான நிலையத்திலேயே கிடைக்கும், பாஸ்போர்ட் கேட்பார்கள். நம் சிம்மையும் கழற்றிவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும்.

படி 7: அங்கே எப்படி நடந்துகொள்வது

குடிவரவு அதிகாரி எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஓட்டல் பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தால் போனில் சார்ஜ் இல்லையே என்று பதற வேண்டியதில்லை.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கண்டிக்கு ரயில் உண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. புதிதாகக் கற்க வேண்டியது படம் எடுப்பது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை. புத்தர் உருவத்தைக் கையில் பச்சை குத்தியிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரை 2014இல் நாட்டை விட்டே அனுப்பினார்கள். தாய்லாந்து போனாலும் இதே கவனம் வேண்டும். அங்கே யாருடைய தலையையும் தொடக் கூடாது, பாதத்தைச் சிலையை நோக்கி நீட்டக் கூடாது, அரச குடும்பத்தைப் பற்றிக் கிண்டலே கூடாது. சிங்கப்பூரில் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும். ஜப்பானில் டிப்ஸ் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' விடுமுறை. அன்று மதுக்கடை, இறைச்சிக் கடை மூடியிருக்கும். கூட்டமும் அதிகம். தேதி குறிக்கும்போதே நாள்காட்டியைப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு சேர்ப்பது அங்கே வழக்கம், கண்ணுக்குத் தெரியாது. 'மாசி போட்டதா?' என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், இல்லையென்றால் 'சைவக் கடை' என்று பலகை போட்ட இடத்துக்குப் போங்கள். மற்றவர்களுக்குக் கொத்து ரொட்டி இருக்கிறது. ஆம்பூர் பிரியாணியோடு ஒப்பிட்டுப் பேசி அங்கே யாரையும் வெறுப்பேற்ற வேண்டாம்.

அப்புறம், போர் பற்றிய பேச்சு. 2009இல் முடிந்த அந்தப் போரில் யாரையாவது இழக்காத தமிழ்க் குடும்பம் குறைவு. மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பக்கம் பழக்கம் உள்ளவர்களுக்கு இது தெரிந்திருக்கும். டீக்கடையில் உட்கார்ந்து "அப்போ என்ன நடந்தது அண்ணே?" என்று நீங்களாகத் தொடங்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் அரசியலை அங்கே விளக்கவும் போகாதீர்கள்.

படி 8: திரும்பி வருவது

திரும்பும் விமானம் பகலில் சென்னையில் இறங்குவதுபோல் எடுத்தால் கார் செலவு மிச்சம். மெட்ரோவில் சென்ட்ரல், அங்கிருந்து கோவை, பெங்களூர், கேரளா பக்கம் போகும் பல ரயில்கள் காட்பாடியில் நிற்கும். முன்பதிவு செய்யும்போது விமானம் இறங்கும் நேரத்திலிருந்து நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குடிவரவு வரிசையும் பெட்டி வரும் நேரமும் யார் கையிலும் இல்லை.