லாச்சப்பலில் இருந்து தேஜேவே வரை: பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரான்சுக்கு வந்து ஒரு மாதத்துக்குள் எங்கள் ஆட்களுக்குப் பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல் பழகிவிடும். மரக்கறிக்கும் அரிசிக்கும் அங்கேதான் போகிறோம். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் கார் து நோர் நிலையம். அதனால் பாரிஸில் ரயில் என்றாலே கார் து நோர்தான் என்று மனதில் பதிந்துவிடுகிறது. துலூஸில் வேலை கிடைத்த பிள்ளையும், ஸ்ட்ராஸ்பூர்க்கில் மச்சாள் வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு வெளிக்கிட்ட குடும்பமும் பெட்டிகளோடு அங்கே போய் நின்று பலகையை அண்ணாந்து பார்ப்பதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அவர்கள் ஏற வேண்டிய தேஜேவே (TGV), அதாவது பிரான்சின் அதிவேக ரயில், அந்தப் பலகையில் இருக்காது.

கொழும்புக் கோட்டையில் ஏறினால் யாழ்ப்பாணமும் போகலாம், மாத்தறையும் போகலாம். பாரிஸ் அப்படியில்லை. லில், பிரசல்ஸ், லண்டன் என்றால் கார் து நோர். ஸ்ட்ராஸ்பூர்க்குக்கும் ஜெர்மனிப் பக்கத்துக்கும் கார் து லெஸ்ற். லியோன், மார்செய், மொம்பெலியே, நீஸ், ஜெனீவா, சூரிச் எல்லாம் கார் து லியோனில் இருந்து. ரென், நாந்த், போர்தோ, துலூஸ் போக மொம்பர்னாஸ். நோரும் லெஸ்ற்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நடந்தே போய்விடலாம். நோரில் இருந்து மொம்பர்னாஸுக்கு மெத்ரோ 4ஆம் இலக்கம், கார் து லியோனுக்கு எர்எர் டே (RER D) என்ற புறநகர் ரயில். பெட்டியும் பிள்ளைகளும் இருந்தால் ஒரு நிலையத்தில் இருந்து மற்றதுக்கு மாற ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். சில மலிவு ரயில்கள் பாரிஸுக்குள் வராமல் மார்ன் லா வலே, மஸ்ஸி, விமான நிலையம் ஆகிய இடங்களில் இருந்தும் புறப்படும். ஆகவே ரிக்கற் வந்தவுடன் முதலில் நிலையத்தின் பெயரை வாசியுங்கள், நேரத்தைப் பிறகு பார்க்கலாம்.

இறங்கும் பக்கமும் கவனம். ஊரின் பெயருக்குப் பின்னால் தேஜேவே என்று எழுதியிருந்தால் (அவிஞ்ஞோன் தேஜேவே, எக்ஸ் ஆன் புரோவான்ஸ் தேஜேவே) அந்த நிலையம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். பிக்கார்டிப் பகுதியில் அமியான் நகரத்துக்கும் சான் காந்தனுக்கும் இடையில், வயல் நடுவில் கட்டிய ஒரு நிலையத்தைப் பிரெஞ்சுக்காரரே பீட்ரூட் நிலையம் என்றுதான் சொல்வார்கள். இரவு பத்து மணிக்கு இப்படி ஓரிடத்தில் இறங்கினால் கடைசி பஸ் போயிருக்கும். கூட்டிப் போக ஆள் வருமா என்று முதலே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, நவிகோ அட்டை. மாதக் காசு கட்டி வைத்திருக்கும் நவிகோ, பாரிஸ் பிராந்தியத்துக்குள் மெத்ரோ, எர்எர், பஸ், புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். தேஜேவேக்குச் செல்லாது. மஸ்ஸியில் ஏறி விமான நிலையத்தில் இறங்கும் சின்னத் தூரம் என்றாலும் தேஜேவே என்றால் தனி ரிக்கற்தான்.

விலை எப்படி ஏறுகிறது

இந்த நாட்டில் தேஜேவே ரிக்கற்றுக்கு நிலையான விலை கிடையாது. இடம் நிரம்ப நிரம்ப, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மார்செய்க்கு இரண்டு மூன்று மாதம் முன்பு 30 யூரோவுக்குக் கிடைத்த இடம், வெள்ளிக்கிழமை பின்னேரம் போகப் பார்த்தால் 100 யூரோவைத் தாண்டி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் சனத்துக்கு இதில்தான் காசு கரைகிறது. கல்யாணத் திகதி ஆறு மாதம் முன்பே தெரியும், மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியிருப்போம், ரிக்கற் மட்டும் கடைசிக் கிழமையில் தேடுவோம். ஓகஸ்ட் கடைசியில் லாச்சப்பல் பிள்ளையார் தேருக்கு வெளியூர்களில் இருந்து வருகிறவர்களுக்கும் இதே கதைதான். தேர் முடிந்து ஞாயிறு பின்னேரம் திரும்பும் ரயில்களில் விடுமுறை முடிந்து வரும் பிரெஞ்சுச் சனமும் சேர்ந்துகொள்ளும். கோடை விடுமுறைக்கும் நத்தாருக்கும் உரிய ரிக்கற்றுகள் பல மாதம் முன்பே விற்பனைக்கு வந்துவிடும். அந்த நாளைக் கேட்டறிந்து அன்றைக்கே எடுங்கள்.

பிரெஞ்சு அரச ரயில் நிறுவனமான எஸ்என்சிஎஃப் இரண்டு பெயரில் தேஜேவே ஓட்டுகிறது. இனுய் என்பது வழக்கமானது. புறப்பட ஒரு கிழமைக்கு முன்வரை காசில்லாமல் மாற்றலாம், ரத்துச் செய்யலாம். உய்கோ மலிவு, திகதியை மாற்றவும் காசு, பெரிய பெட்டிக்கும் காசு. வேலை நாள் இன்னும் உறுதியாகாதவர்கள் உய்கோவில் 10 யூரோ மிச்சம் பிடிக்கப்போய் முழு ரிக்கற்றையும் இழக்க வேண்டாம். உய்கோ என்ற பெயரிலேயே பழைய தண்டவாளத்தில் போகும் வேகமில்லாத ரயில்களும் இருக்கின்றன. தேஜேவே இரண்டு மணித்தியாலத்தில் ஓடும் லியோனுக்கு அவை நான்கரை, ஐந்து மணித்தியாலம் எடுக்கும். நேரம் இருக்கிறவருக்கு அது நல்ல மலிவு. ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும்: பெயருக்குப் பின்னால் கிளாசிக் என்று இருந்தால் அதுதான்.

கார்த் அவான்தாஜ் என்ற தள்ளுபடி அட்டை வருடத்துக்கு 49 யூரோ. 12 முதல் 27 வயது வரைக்கும், 60 வயதுக்கு மேலும் எந்த நாளிலும் 30 சதவீதம் குறையும். இடைப்பட்ட வயதுக்காரருக்கும் உண்டு, ஆனால் வார இறுதியோடு சேர்ந்த பயணமாக இருக்க வேண்டும். கூட வரும் 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம் குறைவு. கணக்குப் பார்த்தால் வருடத்தில் 164 யூரோவுக்கு ரிக்கற் எடுப்பவருக்கே அட்டைக் காசு திரும்பி வந்துவிடும். இரண்டு பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு ஒரே பயணத்தில் வந்துவிடலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இதை முதல் எடுத்துக் கொடுங்கள்.

அகதிக் கோரிக்கை வைத்து அதா உதவிப்பணம் பெறுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அந்த உதவிப்பண அட்டையால் 2019 நவம்பரில் இருந்து காசு எடுக்க முடியாது, இணையத்திலும் கட்ட முடியாது. தொலைபேசிச் செயலியில் எத்தனை தடவை அழுத்தினாலும் மறுக்கும். அட்டை பழுது என்று நினைக்காதீர்கள். நிலையத்தில் கிஷே என்று எழுதிய கருமபீடத்துக்குப் போய் அங்கிருக்கும் இயந்திரத்தில் அட்டையைப் போட்டுக் கட்டுங்கள். கையில் காசாக வைத்திருப்பவர்களும் அங்கேதான் போக வேண்டும்.

நிலைய வாசலில் “அண்ணை, ரிக்கற் இருக்கு, பாதி விலைக்குத் தாறன்” என்று யாரும் வந்தால் விலகிப் போங்கள். ரிக்கற்றில் பெயர் இருக்கும், கட்டுப்பாட்டாளர் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ரிக்கற் இல்லாமல் ஏறிப் பார்க்கலாம் என்று சொல்லித் தருபவர்களும் உண்டு. 12 மாதத்தில் ஐந்து தடவைக்கு மேல் பிடிபட்டு அபராதம் கட்டாமல் விட்டால் அது வெறும் அபராதமாக நிற்காது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் போகும் குற்றம், 7,500 யூரோ வரை தண்டமும் சிறையும் விதிக்கலாம். விசாவுக்காக ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்துக்கொண்டிருக்கும் ஒருவருடைய கோப்பில் இப்படி ஒன்று விழக்கூடாது.

பெட்டியும் சாப்பாடும்

இனுய் ரயிலில் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. பெட்டி 70, 90, 50 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். நிறை பார்ப்பதில்லை. லாச்சப்பலில் வாங்கிய அரிசியும் மிளகாய்த்தூளும் எவ்வளவு பாரம் என்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் அந்தப் பெட்டியைப் படியில் தூக்குவது நீங்கள்தான். பல தேஜேவேக்கள் இரட்டைத் தட்டு. முதிய அம்மா அப்பாவோடு போகிறீர்கள் என்றால் கீழ்த்தட்டில் இடம் கேட்டு எடுங்கள். எல்லாப் பெட்டியிலும் பெயர் எழுதிய அட்டை தொங்க வேண்டும், அது கட்டாயம். பெட்டியை வைத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போகாதீர்கள். ஆளில்லாத ஒரு பையால் நிலையத்தின் ஒரு பக்கத்தையே மூடி, வெடிபொருள் பிரிவு வரும்வரை ரயில்களை நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். ரயிலுக்குள் விற்பது விலை கூட, சைவக்காரருக்குக் கிடைப்பதும் குறைவு. தொலைபேசியில் கதைப்பதற்கு மட்டும் கதவடிப் பக்கம் எழுந்து போய்விடுங்கள். ஊரில் இருந்து அம்மா எடுத்தால் உரத்துத்தான் கதை வரும், அது எல்லோருக்கும் தெரியும். இங்கே ரயில் பெட்டிக்குள் அமைதியை மிகவும் எதிர்பார்ப்பார்கள்.

எல்லை தாண்டுகிறவர்கள்

கார் து லியோனில் ஏறினால் சுமார் நான்கு மணித்தியாலத்தில் சூரிச். கார் து லெஸ்ற்றில் ஏறினால் அதேயளவு நேரத்தில் பிராங்பேர்ட். அங்கெல்லாம் சொந்தம் இல்லாத வீடு எங்களில் குறைவு. ஸ்விஸ், ஜெர்மனி, பெல்ஜியம் எல்லாம் ஷெங்கன் என்ற பொது விசா வலயத்துக்குள் என்பதால் பிரெஞ்சு வதிவிட அட்டையும் செல்லுபடியான கடவுச்சீட்டும் இருந்தால் போய்வரலாம், 180 நாளில் 90 நாள் வரை. இரண்டையும் கையில் வைத்திருங்கள். ரயிலுக்குள் பொலிஸ் ஏறிப் பார்ப்பது வழக்கம். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்களுடைய அத்தாட்சிப் பத்திரம் பயணப் பத்திரம் ஆகாது. சித்தப்பா கூப்பிடுகிறார் என்று ஸ்விஸ் எல்லையில் இருக்கும் பாசல் வரை போய்த் திருப்பி அனுப்பப்பட்டால் வழக்குக்கே சிக்கல் வரலாம். அகதிக் கோரிக்கையாளரின் தங்குமிடத்தைப் பார்க்கும் அரச அலுவலகமான ஒஃபி உங்களுக்கு வேறு பிராந்தியத்தில் தங்குமிடம் கொடுத்திருந்தால், அந்தப் பிராந்தியத்தை விட்டு வெளிக்கிடவே அனுமதி தேவையா என்று சமூகப் பணியாளரிடம் கேட்டுவிட்டு ரிக்கற் எடுங்கள்.

லண்டன் வேறு கதை. இரண்டேகால் மணித்தியாலம்தான், கார் து நோரில் இருந்தே போகலாம், ஆனால் பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, பிரான்ஸ் கொடுத்த அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பவருக்கும் பிரிட்டிஷ் விசா வேண்டும். அந்தச் சோதனையை ரயில் ஏற முன்பு, பாரிஸிலேயே பிரிட்டிஷ் அதிகாரிகள் செய்துவிடுவார்கள். லண்டன் ரயிலின் பெயர் யூரோஸ்டார், அதே பெயரில் இப்போது பிரசல்ஸுக்கும் அம்ஸ்டர்டாமுக்கும் ரயில் ஓடுவதால் பலர் குழம்புகிறார்கள். பெயரைப் பாராமல் போகும் ஊரைப் பாருங்கள்.

ஜெர்மனிக்குள் ஐசிஇ என்ற அதிவேக ரயில்களில் ரிக்கற் வேறு, இருக்கைப் பதிவு வேறு. பதியாமல் ஏறினால் நின்றுகொண்டு போக நேரலாம். தேஜேவேயில் ஒவ்வொரு ரிக்கற்றுக்கும் இருக்கை உண்டு. ஸ்பெயினில் அதிவேக ரயில் ஏறுமுன் பெட்டிகளை ஸ்கேனரில் போடுவார்கள், அதற்கும் நேரம் விடுங்கள்.

ஏறும்போது

எந்தத் தடத்தில் ரயில் நிற்கும் என்பது பாரிஸ் நிலையங்களில் பெரும்பாலும் 20 நிமிடம் முன்புதான் பலகையில் விழும். அதுவரை எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள், இலக்கம் விழுந்ததும் கூட்டம் ஒரே பக்கமாகச் சாயும். ஓட வேண்டியதில்லை, உங்கள் இருக்கை உங்களுடையது. ஆனால் கதவு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும். வுவா என்றால் தடம், வுவாத்யூர் என்றால் ரயில் பெட்டி. புதிதாக வந்த காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும், ரிக்கற்றில் வுவாத்யூர் 12 என்று இருப்பதைப் பார்த்து 12ஆம் தடத்தில் போய் நிற்பவர்கள் உண்டு.

நான் பிழைவிட்டது வேறிடத்தில். வந்த வருடம், மேற்கே கம்பேர் என்ற ஊரில் ஓர் உணவகத்தில் வேலை கிடைத்து மொம்பர்னாஸில் ஏறினேன். நேரம் போய்விட்டது, கிட்ட இருந்த கதவில் ஏறிக் காலியாகக் கிடந்த இருக்கையில் உட்கார்ந்தேன். ரென் நகரத்தில் ஏதோ அறிவித்தார்கள், விளங்கவில்லை. ஜன்னலால் பார்த்தால் முன்பாதி ரயில் கழன்று தனியாகப் போகிறது. நான் பிரெஸ்ட் போகும் பாதியில் இருந்தேன். சான் பிரியூவில் இறங்கித் திரும்பி ரென் வந்து, கம்பேருக்கு அடுத்த ரயில் பிடித்துப் போய்ச் சேர இரவாகிவிட்டது. முதல் நாள் வேலை போனது. முதலாளி நல்ல மனிதர், மறுநாள் சேர்த்துக்கொண்டார்.

இது ஏன் நடக்கிறது என்று பிறகுதான் விளங்கியது. 1964இல் ஜப்பான்காரர் அதிவேக ரயிலைத் தொடங்கியபோது பழைய தண்டவாளம் ஒடுக்கமானது என்பதால் முழுக்கத் தனிப்பாதை போட்டார்கள். 1981இல் பாரிஸ்–லியோன் பாதையைத் திறந்த பிரெஞ்சுக்காரரோ பழைய தண்டவாளத்தின் அதே அகலத்தில் புதுப்பாதை போட்டார்கள். அதனால் தேஜேவே புதுப்பாதையில் 300, 320 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிவிட்டு, அது முடியும் இடத்தில் பழைய தண்டவாளத்தில் இறங்கி மெதுவாகச் சின்ன ஊர்கள் வரைக்கும் போகும். ரென், போர்தோ வரையான புதுப்பாதைகள் 2017இல் வந்தன. போர்தோவுக்கு இரண்டு மணித்தியாலம் எடுக்கும் ரயில், அதற்கப்பால் பழைய பாதை என்பதால் துலூஸுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் எடுப்பதும் இதனால்தான். பொதுப்பாதையில் இரண்டு ரயிலைப் பூட்டி ஒன்றாக ஓட்டி, கிளை பிரியும் இடத்தில் கழற்றி விடுவார்கள். பூட்டியிருக்கும்போதும் ஒரு பாதியில் இருந்து மற்றப் பாதிக்கு உள்ளால் நடந்து போக வழியில்லை.

ஆகவே பெட்டி இலக்கம் ஒரு விருப்பம் என்று நினைக்காதீர்கள். தடத்தின் ஓரத்தில் பெரிய எழுத்துகள் எழுதியிருக்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று பலகை காட்டும். அங்கே போய் நில்லுங்கள். கதவுக்குப் பக்கத்தில் பெட்டி இலக்கமும் போகும் ஊரும் இருக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் சீருடைக்காரரிடம் ரிக்கற்றை நீட்டி “சே பியன் லு த்ரான் பூர் கம்பேர்?” (இது கம்பேர் போகும் ரயில்தானே?) என்று, கம்பேர் இருக்கும் இடத்தில் உங்கள் ஊரின் பெயரைப் போட்டுக் கேளுங்கள். உச்சரிப்புப் பிழைத்தாலும் அவர்களுக்கு விளங்கும். கேட்டுவிட்டு ஏறுங்கள்.