குழந்தைகளுக்கு மைண்ட்ஃபுல்னெஸ்: ஆசிரியர், பெற்றோர் பயிற்சியில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

வடசென்னையில், ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒரு பள்ளி மண்டபம். ஆசிரியர்களுக்கு ஒருநாள் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி. நூறு நாற்காலி, ஒரு புரொஜெக்டர், மதியம் சாப்பாட்டுப் பொட்டலம், மாலை நாலரைக்குச் சான்றிதழ். மறுநாள் காலை வகுப்பில் கேட்பது: "எல்லாரும் கண்ணை மூடு, மூச்சை இழு, யாரும் பேசக் கூடாது." பத்து நாள் ஓடும், அப்புறம் நின்றுவிடும். பிள்ளைகள் சேட்டை பண்ணியதால் நின்றது என்பார்கள். பிள்ளைகள் எப்போதும்போலத்தான் இருந்தார்கள், கோளாறு முந்தின நாள் மண்டபத்தில் நடந்தது.

மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற இந்தக் கவனப் பயிற்சியின் இன்றைய வடிவம் மருத்துவமனையில் தொடங்கியது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக எட்டு வார வகுப்பாக இதைத் தொடங்கினார். நடப்பதை நடக்கும்போதே, நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல் கவனிப்பதுதான் சாரம். எட்டு வாரம் என்பதை மனதில் வையுங்கள். பெரியவர்களுக்கே அவ்வளவு நாள் பிடித்த ஒன்றை, ஒரே நாளில் கற்று மறுநாள் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறோம்.

<b>தான் பழகாமல் பாடம் எடுப்பது</b>

மற்ற எல்லாத் தவறுக்கும் இதுவே தாய். மூன்று நிமிடம் உட்கார்ந்தால் மனசு இருபது முறை ஓடும். ரேஷன் கடை, பரீட்சைப் பேப்பர், காலையில் மாமியார் சொன்ன வார்த்தை என்று எங்கெங்கோ போய் வரும். இதைத் தானே அனுபவித்த ஆசிரியர், நெளியும் பிள்ளையைப் பார்த்து எரிச்சல்படமாட்டார். அனுபவிக்காதவர் "மனசை ஒருமுகப்படுத்து" என்று அதட்டுவார். மனசு ஓடுவது தப்பில்லை. ஓடிவிட்டது என்று தெரிந்து திரும்பக் கூட்டிக்கொண்டு வருகிறோமே, பயிற்சியே அதுதான். ஆகவே ஆசிரியர் குறைந்தது எட்டு வாரம், தினம் பத்து நிமிடம் தானே செய்த பிறகு வகுப்புக்குப் போகட்டும். அதற்கு நேரமில்லை என்கிற பள்ளி இதைத் தொடாமலிருப்பதே நல்லது.

எட்டு வாரம் பழகிவிட்டால் எல்லாம் கைகூடும் என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டனில் நடந்து 2022-இல் முடிவு வெளியான மைரியட் ஆய்வில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளும் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களும் பங்கேற்றார்கள். பத்து மைண்ட்ஃபுல்னெஸ் பாடங்கள் நடந்தன. வழக்கமான மனநலப் பாடத்தைவிட மாணவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லை. ஆசிரியர்களின் சோர்வு கொஞ்சம் குறைந்தது. எனவே "மார்க் ஏறும், ஞாபகசக்தி கூடும்" என்று பெற்றோர் கூட்டத்தில் வாக்கு கொடுக்காதீர்கள். காலாண்டு ரேங்க் கார்டு வந்ததும் அந்த வாக்கு உங்களையே கடிக்கும்.

<b>வாயை மூடவைக்கும் கருவியாக்குவது</b>

வகுப்பு இரைச்சலாக இருக்கிறது, உடனே மூச்சுப் பயிற்சி. சண்டை போட்டவனுக்குத் தனியாக ஐந்து நிமிடம் "மைண்ட்ஃபுல்னெஸ்". இரண்டே வாரத்தில் பிள்ளைகள் மனதில் இது முட்டி போடுவதற்கு இன்னொரு பெயராகிவிடும். யார் அதிக நேரம் அசையாமல் இருப்பது என்று போட்டி வைப்பதும் இதே கணக்கில்தான் வரும். சண்டைக்கும் அமளிக்கும் வேறு வழி பாருங்கள். பயிற்சிக்கு ஒரு நிலையான நேரம் ஒதுக்குங்கள்: காலை வழிபாடு முடிந்து உட்கார்ந்ததும், அல்லது விளையாடிவிட்டு வந்து தண்ணீர் குடித்ததும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஒரு நிமிடம். மூன்று முதல் ஐந்து வரை இரண்டு, மூன்று நிமிடம். ஆறு முதல் எட்டுக்கு ஐந்து நிமிடம் தாண்ட வேண்டாம். வாரத்தில் ஒருநாள் இருபது நிமிடத்தைவிட தினம் இரண்டு நிமிடம் மேல்.

<b>"ஆழமா மூச்சை இழு"</b>

கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கட்டளை அடிக்கடி தப்பாகப் போகும். பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தி, தோளைத் தூக்கி, 'ஸ்ஸ்' என்று போட்டிபோட்டு இழுப்பார்கள். வேகமாகவும் ஆழமாகவும் தொடர்ந்து மூச்சுவிட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மேல் குறையும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். பத்து வயதுப் பிள்ளை பயந்துபோகும். இழுப்பதை விட்டுவிட்டு வெளியே விடுவதைச் சொல்லிக்கொடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். "சூடான டீயை ஊதுற மாதிரி மெதுவா ஊது" என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். மூன்று எண்ணி இழுத்து ஐந்து எண்ணி விடுவது, ஐந்து முறை, அவ்வளவே. மூச்சைப் பிடித்து நிறுத்தச் சொல்லவே கூடாது.

வடசென்னையில் இன்னொன்றும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மூச்சுத் திணறி, கண் எரிந்து, இருட்டில் வீட்டைவிட்டு ஓடியவர்களில் குழந்தைகளும் உண்டு. இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். இவர்களுக்கு மூச்சைக் கவனிப்பது அமைதி தராது. மூச்சே பயத்தைக் கிளப்பும் இடமாக இருக்கலாம். ஆகவே முதல் நாளிலிருந்தே மூன்று வழி கொடுங்கள்: மூச்சு, தரையில் பதிந்த பாதம், காதில் விழும் சத்தம். எதையாவது ஒன்றைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளட்டும். கண்ணும் அப்படித்தான். "மூடினாலும் சரி, தரையில ஒரு இடத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாலும் சரி" என்று சொல்லுங்கள். கண்ணை மூடப் பயப்படும் பிள்ளையிடம் காரணம் கேட்க வேண்டாம்.

<b>அமைதிக்காகக் காத்திருப்பது</b>

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் நிசப்தம் எப்போது வரும்? கூட்ஸ் போய்க்கொண்டேதான் இருக்கும். கண்டெய்னர் லாரியின் ஹாரனை நிறுத்த யாராலும் ஆகாது. சத்தத்தை எதிரியாக்காமல் அதையே பாடமாக்குங்கள்: ரயில் சத்தம் எப்போது முதலில் காதில் விழுகிறது, எப்போது முழுசாக மறைகிறது, மறைந்த கணத்தில் கையைத் தூக்கு. பயிற்சியாளர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் வெண்கலக் கிண்ணமும் தேவையில்லை. குமிழ் வைத்த எவர்சில்வர் மூடியின் குமிழில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு மரக்கரண்டியால் லேசாகத் தட்டினால் சில நொடிகள் இழுத்து ஒலிக்கும். பூஜை மணி வேண்டாம். ஒரே வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். மணியும் ஓங்காரமும் கைகூப்பலும் சேர்ந்தால் ஒரு வீட்டில் கேள்வி வரும், அதில் நியாயமும் இருக்கும்.

<b>பதிலை ஊட்டும் கேள்வி</b>

பயிற்சி முடிந்ததும் "எல்லாருக்கும் ரிலாக்ஸா இருந்துச்சா?" என்று கேட்டால் "ஆமா மிஸ்ஸ்ஸ்" என்று கோரஸ் வரும். அதற்கு மதிப்பு பூஜ்யம். "என்ன கவனிச்சே?" என்று மட்டும் கேளுங்கள். "கால் அரிச்சுது மிஸ்" என்று ஒருவன் சொன்னால் அது அருமையான பதில். "எந்த இடத்துல? சொறிஞ்சியா, அதுவா போச்சா?" என்று தொடரலாம். "போர் அடிச்சுது" என்றாலும் கோபப்படாமல், போர் உடம்பில் எங்கே தெரிந்தது என்று கேளுங்கள். இந்த ஒரு திறமைக்காகவே பயிற்சியில் இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் மிஸ்ஸாகவும் அரை மணி நேரம் பேசிப் பழகவையுங்கள். ஸ்லைடு போட்டு இதைக் கற்றுத்தர முடியாது.

<b>பிள்ளை அழுதால்?</b>

இதைச் சொல்லாமல் முடியும் பயிற்சி ஆபத்தானது. சில பிள்ளைகள் உட்கார்ந்ததும் அழலாம், உறைந்து போகலாம். உடனே பயிற்சியை நிறுத்திக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். காலைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லட்டும். தண்ணீர் கொடுங்கள். எல்லார் முன்னிலும் "ஏன் அழுறே?" என்று தோண்டாதீர்கள். தனியே பேசும்போது "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றும் வாக்கு கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டையும் ஆசிரியர் அறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

<b>பெற்றோர் கூட்டத்தில்</b>

"வீட்டில் அமைதியான மூலை ஒன்று ஒதுக்குங்கள்" என்று அச்சடித்த தாளைக் கொடுப்பார்கள். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர், டிவி, மிக்ஸி, பக்கத்து வீட்டுச் சண்டை. மூலைக்கு எங்கே போவது? தினமும் செய்யும் வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்வதுதான் நடக்கும் காரியம். தெருமுனை சின்டெக்ஸ் குழாயில் குடம் வைக்கிறீர்கள் அல்லவா? முதலில் தண்ணீர் கனமான சத்தத்தோடு விழும். குடம் நிறைய நிறைய உள்ளே காற்றின் இடம் சுருங்கிச் சத்தம் மெல்லிசாகிக்கொண்டே போகும், கழுத்தை எட்டும்போது கீச்சென்று ஏறும். பிள்ளையைக் குடத்துக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லி, வழிவதற்கு ஒரு கணம் முன்னால் "நிறுத்து" சொல்லச் சொல்லுங்கள். முதல் இரண்டு குடம் வழியும். மூன்றாவதில் பிள்ளையின் காது முழுக்கத் தண்ணீரில் இருக்கும். டியூப் போட்டுப் பிடித்தால் இது வராது, குழாயிலிருந்து தண்ணீர் நேரே விழ வேண்டும்.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு, பிள்ளை கத்தி அடம்பிடிக்கும் நேரத்தில் "மூச்சு விடு! மூச்சு விடுன்னு சொல்றேன்ல!" என்று தாங்களும் கத்துவது. கோபம் உச்சத்தில் இருக்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது. அந்த நேரத்தில் அம்மாவோ அப்பாவோ தானே மூன்று முறை மெதுவாக ஊதிவிட்டுப் பேசினால் போதும், பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். செல்போன் செயலியைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போவதும் வேண்டாம், இரண்டு நிமிடத்தில் அது ரீல்ஸ் ஆகிவிடும்.

கடைசியாக, கூட்டத்தின் நேரம். வேலைநாள் காலை பத்து மணி என்றால் காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வரும் அம்மாக்கள் அப்போதுதான் தலையைச் சாய்த்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு முழு வியாபார நாள். மத்தியானம் மூன்றரைக்கு, பள்ளி விடும் நேரத்தோடு ஒட்டி வையுங்கள். அப்பாக்களைப் பிடிக்க, ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், கோடை விடுமுறைக்கு முன்னால் இருக்கும் நாட்கள் தோதானவை. நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். குடமும் சொம்பும் கொண்டுவந்து செய்து காட்டுவதை முதல் பத்து நிமிடத்திலேயே முடித்துவிடுங்கள், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தவர்கள் அதற்குமேல் உட்கார மாட்டார்கள்.